மேசை மேல் ஒரு மலாயா ரயில்

பெரியவர்களுக்குப் பொம்மை ரயில் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 1932ல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30ஆம் தேதி கடைசி ரயில் கிளம்பியது. ஜொகூர் சுல்தானே அதை ஓட்டினார். தண்டவாளத்தின் பெரும்பகுதியைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அதன் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த ரயிலை எப்படிக் காட்டுவது?

மாதிரி ரயில் செய்து காட்டலாம். ஆனால் அளவில் கவனம் தேவை. கடைகளில் கிடைக்கும் 'என்' ரகம் 1:160; அதன் தண்டவாள அகலம் 9 மில்லிமீட்டர். மலாயா ரயிலோ, அந்நாளைய எழும்பூர் ரயிலைப் போல மீட்டர் கேஜ். அந்த அளவில் அதற்கு 6 மில்லிமீட்டர் சொச்சம்தான் வரவேண்டும். 1:87 அளவில் பெட்டி செய்து, 12 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓட்டினால் ஏறக்குறையப் பொருந்தும்.

வீவக வீட்டில் இடமேது என்பீர்கள். புக்கிட் தீமாவில் இன்றும் நிற்கும் இரும்புப் பாலம் ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஒரு பலகை போதும். பெட்டிக் கூரையில் சிறிது கரி, சக்கரத்தில் துரு நிறம் பூசினால் நிஜ ரயிலின் களை வந்துவிடும்.

எந்த நிறம், எத்தனை சன்னல் என்பதை வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள். அதில் பயணம் செய்தவர்கள் அவர்கள். இப்போதே கேட்டுவிடுங்கள்.