மாரிகாலத்து ஓட்டம்



எமது பாடநூல்கள் குளிர்காலத்தை 'மாரி' என்கின்றன. யாழ்ப்பாணத்திலே மாரி என்றால் மழைக்காலம். சில நாட்களுக்கு முன் வகுப்பிலே மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், கொழும்பில மாரி எப்ப வரும்?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். ஆனால் நான் அறிந்த மாரி ஒன்று உண்டு. அது 2006 டிசம்பரில் தொடங்கியது.

அப்பொழுது நான் வெள்ளவத்தையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். வார நாட்களிற் கற்பித்தல். வார இறுதியில் முதுகலைமாணி வகுப்பு. சங்க இலக்கியத்திற் பெரும்பொழுதுகள் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்திற் பத்தாயிரம் மீற்றர் ஓடிய பழக்கம் காலை விட்டுப் போகவில்லை. அடுத்த ஆண்டு ஒரு மரதன் ஓடுவதென்று நானும் நண்பர் ஒருவரும் தீர்மானித்தோம். அவர் வடக்கிலிருந்து வந்து, வெளிநாட்டுப் பயண அலுவலாகக் கொட்டாஞ்சேனை விடுதியொன்றிற் காத்திருந்தவர்.

நெடுந்தூர ஓட்டம் போட்டி நாளில் உருவாவதன்று. நியூசிலாந்துப் பயிற்றுநர் ஆதர் லிடியார்ட், போட்டியில்லாத மாதங்களிலே தம் வீரர்களை வாரத்துக்கு ஏறக்குறைய 160 கிலோமீற்றர் ஓடவைத்தார். அந்த ஓட்டத்திலே தசைகளில் நுண்குருதிக் குழாய்கள் பெருகுகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான குருதியை அனுப்ப இதயம் பழகிக்கொள்கின்றது. இவை எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. 1960இல் ரோம் ஒலிம்பிக்கிலே பீற்றர் ஸ்நெல்லும் மரே ஹால்பேர்க்கும் தங்கம் வென்றபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

எமது நாட்டு லூசியன் ரோசாவை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1970இல் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் ஐயாயிரம் மீற்றர், பத்தாயிரம் மீற்றர் இரண்டிலும் தங்கம் வென்றவர். பின்னர் அமெரிக்காவின் விஸ்கொன்சின்-பார்க்சைட் பல்கலைக்கழகத்திலே மாணவராக இருந்து ஓடினார். மிச்சிகன் ஏரிக் கரையோரம் அது. தை மாதத்திலே நீர் உறையும் குளிர். வெயிலிற் பிறந்த ஒருவர் அந்தப் பனியிலே விடிகாலையில் எழுந்து சப்பாத்து நாடாவைக் கட்டுவதை நான் அடிக்கடி கற்பனை செய்ததுண்டு. என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது அந்தக் கற்பனைதான்.

கொழும்பிலே பனியில்லை. வேறொன்று இருந்தது. அடையாள அட்டையைப் பொலித்தீனிற் சுற்றிக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஓடுவோம். ஒருநாள் காவலரணிலே ஓர் இளம் சிப்பாய் மறித்தார். ஏன் ஓடுகிறீர்கள் என்று சிங்களத்திலே கேட்டார். போட்டிக்கு என்றோம். போட்டி எப்போது? ஆறு மாதத்தின் பின். "ஆறு மாதத்தின் பின் நடக்கும் போட்டிக்கு இன்றைக்கு ஏன் ஓடவேண்டும்?" என்றார். நியாயமான கேள்விதான். லிடியார்ட்டைப் பற்றி விளக்குமளவுக்கு என்னிடம் சிங்களம் இருக்கவில்லை. ஒரு மணித்தியாலம் நின்றோம்.

செய்தியறிந்த வீட்டுக்கார அம்மா சொன்னார்: "தம்பி, இனி வெளியில ஓடாதேங்கோ. நடக்கிறவனை விட்டிட்டு ஓடுறவனைத்தான் பிடிப்பினம்."

அதன்பின் மொட்டை மாடியிலே ஓடினோம். தண்ணீர்த் தாங்கியைச் சுற்றி ஒரு சுற்றுக்கு நாற்பது அடி. எண்ணிக்கை தவறாதிருக்க நண்பர் சுவரிலே கரித்துண்டாற் கோடிடுவார். விடுதியிலே இடமில்லையென்று தமது சப்பாத்துகளை எனது அறையிலேயே வைத்திருந்தார். ஓடி முடிந்ததும் நான் ஆய்வேட்டுக்குத் திரும்புவேன். அன்று எழுதும் ஒரு பக்கத்தையும் எவரும் பார்க்கப் போவதில்லை.

2007 ஜூன் 7ஆந் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர்கள் பலர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அதற்குள் எனது நண்பரை ஏற்றிய பஸ் வவுனியா போய்விட்டது. அவர் திரும்பி வரவில்லை. பிரிவுக்குரிய பாலைக்கு வேனிலைப் பொழுதாகத் தொல்காப்பியம் வகுத்ததை ஆய்வேட்டின் மூன்றாம் இயலிலே நான் எழுதி முடித்திருந்த சமயம் அது. இலக்கணம் என்று எழுதியதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

நான் மரதன் ஓடவில்லை. ஆய்வேட்டை முடித்தேன்.

சில ஆண்டுகளின் பின் ஓரிரவு ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி வந்தது. "மச்சான், என்ர சப்பாத்து இருக்கோ?" என்றார் நண்பர். இருக்கிறது என்றேன். "இஞ்ச முழங்காலளவு பனி. விடிய அஞ்சு மணிக்கு ஓடுறன். ஏன் ஓடுறாய் எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை." சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: "ஆனா அந்தச் சுவரில கோடு போட ஆளில்லை மச்சான்."

இப்போது வெள்ளவத்தைக் கடற்கரையோரம் பிள்ளைகள் விடிகாலையில் ஓடுகிறார்கள். கேள்வி கேட்ட மாணவனும் அவர்களில் ஒருவன். அடுத்த முறை அவனைக் காணும்போது போட்டி எப்போது என்று நான் கேட்கப் போவதில்லை. இன்று எத்தனை சுற்று என்று மட்டும் கேட்பேன்.