கல்லாவில் கிடைத்த காசுகள்

(சங்கத்தின் பொன்விழாக் குடும்ப நாளில் ஆற்றிய உரை)

 

என்னைப் பேச அழைத்த செயலாளர் நானா ஒரு நிபந்தனை போட்டார். “வியாபாரத்தைப் பற்றிப் பேசினால் எல்லாரும் எழுந்து பிரியாணிப் பக்கம் போய்விடுவார்கள், உன் காசுப் பைத்தியத்தைப் பற்றிப் பேசு” என்றார். அதனால் இன்றைக்குப் பழைய காசுகளைப் பற்றி.

முதலில் ஒரு சொல். சிங்கப்பூரில் நாம் டாலர் என்பதில்லை, ‘வெள்ளி’ என்கிறோம். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் தம்பியிடம் “பத்து வெள்ளி கொடு” என்றால் முதல் வாரம் விழிப்பார். இது உண்மையான வெள்ளி புழங்கிய காலத்துச் சொல். அந்தக் காலத்தில் இங்கே கைமாறியவை ஸ்பானிய வெள்ளியும் மெக்சிகோ வெள்ளியும். 1895இலிருந்து பிரிட்டிஷ் வணிக வெள்ளி வந்தது. பெரும்பாலும் பம்பாயில் அடித்தார்கள். எடை 26.95 கிராம், அதில் பத்தில் ஒன்பது பங்கு சுத்த வெள்ளி. முன்பக்கம் கையில் சூலம் பிடித்த பெண், பின்பக்கம் ஒன்று என்று சீனத்திலும் ஜாவியிலும் எழுதியிருக்கும். நம் பெரியவர்கள் குர்ஆன் ஓதப் படித்த எழுத்தை வைத்தே அந்தக் காசை எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். 1903இல் இந்த நீரிணைக் குடியிருப்புகளுக்கென்று தனி வெள்ளிக்காசு வந்தது. உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறவே, உருக்கினால் லாபம் என்ற நிலை வந்து, 1907இல் காசை 20.21 கிராமாகக் குறைத்தார்கள். இன்று அதில் வெள்ளி ஒரு துளி இல்லை. சொல் மட்டும் நம் வாயில் இருக்கிறது.

மலாய்க்காரர்கள் ‘ரிங்கிட்’ என்பது அந்த ஸ்பானியக் காசின் பல் பல்லான ஓரத்தை. ஊரில் நாம் சொல்லும் ‘துட்டு’ டச்சுக்காரன் செப்புக்காசின் பெயர். அதே பெயர்தான் மலாயில் ‘டுயிட்’. நம் ‘காசு’தான் போர்த்துகீசியர் வாய் வழியாகப் போய், ஆங்கிலத்தில் கீழை நாட்டுச் செப்புக்காசைக் குறிக்கும் ‘கேஷ்’ ஆனது. அந்தச் சொல்லுக்கு இதுவரை யாரும் நமக்கு வாடகை கொடுக்கவில்லை.

நான் பாலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் டிப்ளமா எடுத்தவன். படித்தது இயந்திரம், பிழைப்பது கடை. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் சின்னக் கடை. ஞாயிற்றுக்கிழமை இரவு கல்லாவைக் கவிழ்த்து எண்ணுவது என் வேலை. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் அப்படி எண்ணும்போது இருபது காசுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் முகம் காட்டியது. சிங்கப்பூர்க் காசில் ஆள் முகம் ஏது? எடுத்துப் பார்த்தால் புருணை சுல்தான். இதைப் போய் யாரிடம் மாற்றுவது என்று கடைப்பையன் முகத்தைச் சுளித்தான். மாற்றவே வேண்டாம். 1967இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி புருணைப் பணமும் நம் பணமும் இன்றுவரை சரிக்குச் சரி. அதே வருடத்தில் மலேசியாவும் அதில் சேர்ந்திருந்தது. 1973 மே மாதத்தில் அந்தப் பக்கம் முடிந்துவிட்டது. அதனால் மலேசிய இருபது காசு கல்லாவில் விழுந்தால் நமக்கு நஷ்டம், புருணைக் காசு விழுந்தால் நஷ்டமில்லை. ஒரு பெட்டிச் சில்லறைக்குள் மூன்று அரசாங்கங்களின் கணக்கு கிடப்பதை அன்றுதான் கவனித்தேன். பைத்தியம் அன்றைக்குப் பிடித்தது.

அதற்குப் பிறகு ஞாயிறு இரவு எண்ணிக்கை அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆனது. வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை, அவர்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரின் முதல் காசு வரிசை 1967இல் வந்தது. பத்துக் காசில் கடல்குதிரை, இருபதில் வாள்மீன், ஐந்தில் பாம்புத்தாரா, ஒரு காசில் அடுக்குமாடி வீடு. ஒரு வெள்ளியில் நெற்கதிர்களுக்கு நடுவே சிங்கம். 1985இல் தொடங்கிய இரண்டாம் வரிசை முழுக்கப் பூக்கள். அந்த ஒரு வெள்ளியில் இருக்கும் பூ எதுவென்று என் மகளிடம் கேட்டேன், தெரியவில்லை. நம் ஊர் வீட்டு வாசலில் தானாக முளைக்கிற நித்தியகல்யாணி. இத்தனை வருடம் அதைக் கொடுத்துத்தான் தேத்தண்ணி வாங்கிக் குடித்தோம்.

கப்பல் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தம்பி அந்தச் சிங்கம் போட்ட பெரிய வெள்ளியை என் கடையில் நீட்டினார். இரண்டு கடையில் செல்லாது என்று திருப்பிவிட்டார்களாம். செல்லும். 1967 முதல் வெளியிட்ட எந்தச் சிங்கப்பூர்க் காசும் இன்றும் செல்லும். 2002இல் அடிப்பதை நிறுத்திவிட்ட ஒரு காசுகூடச் செல்லும். “தம்பி, இதைச் சேர்க்கிறவர் ஒரு வெள்ளிக்கு மேலேயே கொடுப்பார், பத்திரமாக வைத்துக்கொள்” என்றேன். அவர் யோசித்தார். “அண்ணே, எனக்கு இப்போ தாகமா இருக்கு” என்று காசை மேசையில் வைத்துவிட்டு ஒரு கேன் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சொல்லிவிட்டு வாங்கியது என்பதால் அந்தக் காசு என் பெட்டியில் நிம்மதியாக இருக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காசு சேர்ப்பவர்கள் கூடும் இடங்களில் ஒரு பெருமை அடிக்கடி காதில் விழும். “ஒரு கிழவியிடம் டப்பாவோடு இருபது வெள்ளிக்கு அடித்தேன், உள்ளே ஒன்று மட்டும் முந்நூறு போகும்.” அதைக் கண்டெடுத்தேன் என்கிறார்கள். கல்லாவில் தானாக வந்து விழுவது கண்டெடுப்பு. விலை தெரியாதவர் கையிலிருந்து விலை தெரிந்தவர் வாய் திறக்காமல் வாங்குவதற்கு நம் மார்க்கத்தில் வேறு பெயர் இருக்கிறது. வியாபாரிகள் நிறைந்த சபை இது, அந்தப் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சேவல் காசு. சிங்கப்பூர் பிறந்து சில வருடங்களில் இங்கே இருந்த ஆங்கிலேய வியாபாரிகள் தாங்களாகவே இங்கிலாந்தில் செப்புக்காசு அடித்துக் கொண்டுவந்து தீவுகள் முழுக்க இறக்கினார்கள். அரசாங்கம் அடித்ததல்ல, கடைக்காரர்கள் அடித்தது. ஒரு பக்கம் சேவல், மேலே ஜாவியில் ‘தானா மெலாயு’. மறுபக்கம் ‘சத்து கெப்பிங்’, கீழே 1247. நம் சங்கத்து வீடு ஒன்றில் அதைக் காட்டி, “எண்ணூறு வருடத்துக் காசு, நீல உத்தமன் வருவதற்கும் முந்தியது” என்றார்கள். அது ஹிஜ்ரி ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வரும். 1247க்குப் போட்டுப் பாருங்கள், 1831. அந்த வீட்டில் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. ஆனால் எனக்கு எண்ணூறு வருடத்தைவிட இதுதான் பிடிக்கிறது. ராஃபிள்ஸ் வந்து இறங்கிப் பன்னிரண்டே வருடம். நாகூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பாய்மரத்தில் வந்த நம் ஆட்கள் தெலுக் ஆயர் கரையில் தர்கா கட்டி முடித்த அதே காலத்துச் சில்லறை அது. உம்ராவுக்குப் போய்வந்த வீடுகளில் அடுப்பங்கரை மாடத்தில் சவூதி ஹலாலாக் காசு கிடக்கும். அதிலும் இருப்பது ஹிஜ்ரி ஆண்டுதான், பிள்ளைகளுக்குக் கணக்குப் போடக் கொடுங்கள்.

ஏமாற்று ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1818 என்று போட்டு, ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ வைத்து, கிழக்கிந்தியக் கம்பெனி அணா என்று ஊரில் விற்கிறார்கள். கம்பெனி அப்படி ஓர் அணாவை அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும் சக்தி இருக்கிறது, இரிடியம் இருக்கிறது என்று சொல்லி லட்சக்கணக்கில் பறிகொடுத்தவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. இங்கே தேக்காவில் அந்த அளவுக்கு இல்லை, ஆனால் போலி வணிக வெள்ளி நிறைய உண்டு. ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளியில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் வாங்காதீர்கள், ஒட்டாவிட்டாலும் உடனே நம்பாதீர்கள், தராசில் வையுங்கள். 2013இல் வந்த நம் மூன்றாம் வரிசைக் காசுகளில் காந்தம் ஒட்டும், அது போலி என்று பயப்பட வேண்டாம். எஃகுக்கு மேல் முலாம் பூசி அடித்தவை அவை.

கண்டெடுப்பில் பெரிய கதை கரூர்க் கதை. அமராவதி ஆற்று மணலில் பல காலமாகப் பழங்காசுகள் கிடைத்துவந்தன. ரோமானியக் காசு, கிரேக்கக் காசு, சேரர் காசு எல்லாம் கலந்து. கிடைத்தவர்களுக்கு அவை எடைக்குப் போகிற உலோகம். அவற்றைத் தேடி வாங்கி உட்கார்ந்து படித்தவர்களில் முக்கியமானவர் ‘தினமலர்’ ஆசிரியராக இருந்து மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. 1980களின் நடுவில் அவரிடம் வந்த ஒரு செப்புக்காசில் பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்று இருந்தது. பாண்டியன் பெயர். அதற்குப் பிறகு மன்னன் தலையோடு ‘மாக்கோதை’ என்று எழுதிய சேரர் வெள்ளிக்காசுகளும் வெளிச்சத்துக்கு வந்தன. அதுவரை புலவர்கள் பாட்டில் மட்டும் இருந்த பெயர்கள், கடைத்தெருவில் கைமாறிய காசிலும் இருந்தன என்பது உறுதியானது. அவருக்கு முன்னால் அதே ஆற்றிலிருந்து எத்தனை பெயர்கள் தட்டார் உலைக்குள் போயினவோ.

ஊரில் வீடு கட்டுகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள், அதனால் ஒரு சட்டம். அஸ்திவாரம் தோண்டும்போது புதையல் கிடைத்தால், மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டுச் சட்டம், இன்றும் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுவருவதற்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை. “சும்மா பத்துக் காசுதானே” என்று பெட்டிக்குள் போட்டுக்கொண்டு விமானம் ஏறாதீர்கள்.

கரூருக்குப் போன நான் திரும்ப நம் வீடுகளுக்கு வருகிறேன். இந்த ஊரில் காசு மாற்றும் தொழிலைக் கையில் வைத்திருந்தவர்கள் நம்மவர்கள். ராஃபிள்ஸ் பிளேசுக்கும் காலியர் கீக்கும் நடுவே இருந்த பழைய சேஞ்ச் ஆலியில் நின்றவர்கள் எத்தனை பேருடைய வாப்பா, எத்தனை பேருடைய நன்னா! அந்தச் சந்து 1989இல் போய்விட்டது. மாற்றுக்காரர்கள் நோட்டைத்தான் மாற்றுவார்கள், வெளிநாட்டுச் சில்லறையை வாங்கமாட்டார்கள். ஆனால் மாலுமிகள் மேசையில் போட்டுவிட்டுப் போனது, பாக்கிக்குப் பதிலாக வந்தது என்று ஒவ்வொரு மேசைக்கடியிலும் ஒரு பால்மாவு டப்பா நிறைந்தது. அந்த டப்பாக்கள் இன்று எங்கே? வீடு மாறும்போது, பெரியவர் மவுத்தான பிறகு அறையை ஒழிக்கும்போது, அவை பழைய இரும்போடு போகின்றன. சில வீடுகளில் அதைவிட மோசம், பளபளப்பாக இருக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். நூறு வருடம் ஏறிய நிறம் பத்து நிமிடத்தில் போய்விடும், விலையும் அதோடு போகும்.

விலையைக்கூட விடுங்கள். காசு சொல்வது ஆண்டும் அரசனும் மட்டும்தான். இது எந்தக் கப்பல்காரன் கொடுத்தது, ஜப்பான்காரன் காலத்தில் வாழைமர நோட்டுக்குப் பயந்து எந்தச் சுவருக்குள் ஒளித்து வைத்தது, ஏன் இந்த வெள்ளியில் மட்டும் வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கிறது, இதெல்லாம் பெரியவருக்குத்தான் தெரியும். தழும்பு உள்ள காசைச் சேகரிப்பவர்கள் ஒதுக்குவார்கள். எனக்கு அதுதான் முதலில் வேண்டும், யாரோ ஒரு பெண்மணியின் கழுத்தில் கிடந்தது அது. எங்கள் குடும்பத்தில் தொண்ணூறைத் தொடும் ஒருவரிடம் போன மாதம் உட்கார்ந்தேன். நேற்று என்ன சாப்பிட்டார் என்பது அவருக்கு நினைவில்லை. சதுர ஒரு காசை உள்ளங்கையில் வைத்ததும், அதற்கு என்னென்ன வாங்கலாம், எந்தக் கடையில் வாங்கலாம் என்று வரிசையாகச் சொன்னார். நான் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். நாற்பது நிமிடம்.

கல்லாவைப் பொறுத்தவரை என் கண்டெடுப்பு முடிகிற நிலையில் இருக்கிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகூடப் பாதிப் பேர் கியூஆர் அட்டையைக் காட்டி பேநவ் செய்கிறார்கள். “பணம் வந்துவிட்டது” என்று பெட்டி பேசுகிறது, உள்ளே எதுவும் விழுவதில்லை. வியாபாரியாக எனக்கு அது வசதி, சில்லறை எண்ண வேண்டாம், வங்கிக்குத் தூக்கிப்போய்க் கட்டணம் கட்ட வேண்டாம். போன நான்கு ஞாயிறுகளில் புருணைக் காசு ஒன்றுகூட வரவில்லை. இனிமேல் கிடைத்தால் உங்கள் வீட்டு டப்பாக்களில்தான்.

வெளியே வாசல் பக்கத்து மேசையில் சேவல் காசு, சதுரக் காசு, 1903ஆம் ஆண்டு வெள்ளி, தம்பி கொடுத்த சிங்கம் எல்லாம் வைத்திருக்கிறேன். விற்பனைக்கு இல்லை. ஓரத்தைப் பிடித்து எடுங்கள், பிரியாணி சாப்பிட்ட கையோடு வேண்டாம். பக்கத்தில் ஒரு தடித்த நோட்டும் பேனாவும் இருக்கும். உங்கள் வீட்டில் டப்பா இருந்தால் யாருடையது, இப்போது அதைப் பற்றிச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள். காசைக் கொண்டுவர வேண்டாம். கைப்பேசியோடு நானே வருகிறேன். வஸ்ஸலாம்.