உவமையும் மாதிரியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை பேசும் மன்றத்தில் அறிவியல் கற்பித்தலைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதற்குத் தொல்காப்பியரையே சான்றுக்கு அழைக்கிறேன். உவமை பிறக்கும் இடங்களை அவர் நான்காக வகுத்தார். செயலால் ஒப்புமை, பயனால் ஒப்புமை, வடிவால் ஒப்புமை, நிறத்தால் ஒப்புமை என்பன அவை. அவர் சொற்களில் வினை, பயன், மெய், உரு. கவிஞர்க்கு வகுத்த இந்த நான்கையும் கையில் எடுத்துக்கொண்டு நம் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள்.

அங்கே தெர்மாகோலில் அணை இருக்கிறது. நீல வண்ணம் பூசிய ஏரி இருக்கிறது. பஞ்சில் மேகமும் மரத்தூளில் வயலும் இருக்கின்றன. வடிவு ஒக்கிறது, நிறமும் ஒக்கிறது. ஆனால் அந்த அணை நீரைத் தேக்குவதில்லை. அந்த ஏரி வயலுக்குப் பாய்வதில்லை. நான்கில் இரண்டு மட்டுமே உள்ள மாதிரி அது. அதிலும் பல கடையில் விலைக்கு வாங்கப்பட்டவை. பிள்ளை மனப்பாடம் செய்த நான்கு வரிகளை ஒப்பித்துவிட்டுப் பரிசு பெற்றுச் செல்கிறது. கற்பிக்கும் மாதிரிக்கு உயிர் வினையிலும் பயனிலும் இருக்கிறது என்பதே இன்று நான் சொல்ல வந்த கருத்து.

நம் மண்ணிலிருந்தே எடுத்துக்காட்டுத் தருகிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைவது முல்லைப் பெரியாற்று நீரால். மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்க வேண்டிய ஆற்றை மறித்து, மலைமுகட்டைத் துளைத்து, கிழக்கே திருப்பிய பணி அது. 1887-இல் தொடங்கி 1895 அக்டோபரில் முடிந்தது. பொறியாளர் பென்னி குயிக்கின் பெயரைத் தம் பிள்ளைகளுக்கு இட்ட குடும்பங்கள் இப்பகுதியில் உண்டு. ஆயினும், அணை எதற்கு என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், நீரைச் சேமிப்பதற்கு என்பார்கள். விடை தவறன்று; ஆனால் பாதி விடை.

ஒரு பெரிய தாம்பாளமும் கூடை நிறையக் களிமண்ணும் போதும், மீதி விடையைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள். தாம்பாளத்தின் நடுவே களிமண்ணால் ஒரு முகடு எழுப்பச் சொல்லுங்கள். மேற்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். அதில் பூவாளியால் மழை பெய்விக்கட்டும். நீர் மேற்கே ஓடிவிடும். பள்ளத்தின் குறுக்கே ஓர் அணை வைக்கட்டும். நீர் நிற்கும், ஆனால் கிழக்கே ஒரு சொட்டும் வாராது. இப்போது பப்பாளி இலையின் காம்பை முகட்டில் குறுக்காகச் செருகட்டும். நீர்மட்டம் காம்பின் வாயைத் தொடும்வரை ஒன்றும் நிகழாது. தொட்டவுடன் கிழக்குச் சரிவில் நீர் இறங்கும். சேமிப்பது மட்டுமன்று, ஆற்றைச் சுரங்கத்தின் வாய்வரை தூக்கி நிறுத்துவதும் அணையின் பணி என்பது அந்த நொடியில் விளங்கிவிடும்.

அதன்பின், நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே இறங்கினால் தமிழகத்துக்குத் தண்ணீர் எடுக்க இயலாது என்ற செய்தி, நாளிதழில் வரும் வெறும் எண்ணாக இராது. காம்பின் வாயை மனத்தில் கண்ட பிள்ளைக்கு அந்த எண் பேசும். காம்பைச் சற்றுத் தாழ்த்திச் செருகினால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்கும். செருகிப் பார்க்கட்டும். முகடு கீழே அகன்றிருப்பதால் காம்பு நீளம் போதாது. ஒரு மைலுக்குச் சற்று மிகுதியான சுரங்கத்தைப் பாறையில் குடைந்தவர்கள் உயரத்துக்கும் நீளத்துக்கும் இடையே பார்த்த கணக்கு அதுவே. இதற்குமேல் பொறியியல் பாடம் வேறு வேண்டுமா?

இவ்வகைக் கல்விக்கு நம் நாட்டில் வழிகாட்டிகள் உண்டு. 1972-இல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கிய ஓசங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் கிராமத்துப் பள்ளிகளில் செய்து கற்கும் முறையை நிலைநாட்டியது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பொறியாளர் அரவிந்த் குப்தா 1978-இல் அங்கே சென்று, தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூபுத் துண்டுகளால் இணைத்து வடிவங்கள் செய்யக் கற்றுத் தந்தார். நான்கு குச்சிகளால் சதுரம் செய்து அழுத்தினால் சாய்கிறது. மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்தால் அசையாது நிற்கிறது. சதுரத்துக்கு ஒரு குறுக்குக் குச்சி இட்டால் அதுவும் நிமிர்ந்து நிற்கிறது. இதைச் செய்த பிள்ளை லோயர்கேம்ப் மின்நிலையத்திலிருந்து வயல்களைத் தாண்டிச் செல்லும் மின்கோபுரங்களை அண்ணாந்து பார்த்தால், அவற்றின் குறுக்குச் சட்டங்களுக்குக் காரணம் சொல்லும். நம் மாநிலத்திலும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் ‘துளிர்’ இதழும் இவ்வழியில் பல ஆண்டுகளாகத் தொண்டாற்றி வருகின்றன.

ஆயினும் கவிஞர் பெருமக்களே, உவமைக்கு எல்லை உண்டு என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்? முகத்தை மதி என்றால், மதியின் களங்கமும் தேய்வும் முகத்துக்கு ஏறா. உவமை எங்கே ஒக்கிறது, எங்கே ஒவ்வாது என்று அறிவதே சுவைஞரின் திறம். மாதிரிக்கும் இதே நெறிதான். களிமண் அணை ஊறிச் சரிந்தது கண்டு, மலைமேல் உள்ள அணையும் சரியும் என்று முடிவு கட்டலாகாது. சின்ன அணை உறுதியாக நின்றது கண்டு, பெரிய அணையும் நிற்கும் என்று சொல்லவும் இயலாது.

காரணத்தைக் கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். ஒரு பொருளைப் பத்து மடங்கு பெரிதாக்கினால், அதைத் தாங்கும் பரப்பு நூறு மடங்காகும். எடையோ ஆயிரம் மடங்காகும். பரப்பின் ஒவ்வோர் அங்குலமும் பத்து மடங்கு சுமை தாங்க வேண்டியிருக்கும். ஆகவே கடைக்காலிலிருந்து 176 அடி உயர்ந்த அணையின் வலிமையைத் தாம்பாளத்தில் அளக்க முடியாது.

அப்படியாயின் பொறியாளர்கள் மாதிரி செய்வதில்லையா? செய்கிறார்கள், ஒவ்வா இடங்களைக் கணக்கிட்டுச் செய்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டம் பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே உள்ள நீரியல் ஆய்வு நிறுவனத்திலும், புணே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள மத்திய ஆய்வு நிலையத்திலும் அணைகள், மதகுகள், கலிங்குகள் ஆகியவற்றின் மாதிரிகளைக் கட்டி நீரை ஓடவிட்டு ஆராய்கிறார்கள். இருபத்தைந்தில் ஒரு பங்காகக் கட்டிய மாதிரியில் ஒரு நொடி கழிந்தால், மெய்யான ஆற்றில் ஐந்து நொடி கழிந்ததாகக் கொள்ள வேண்டும். மாதிரியில் நொடிக்கு ஒரு லிட்டர் நீர் ஓடினால், ஆற்றில் 3,125 லிட்டர் ஓடுவதாகக் கொள்ள வேண்டும். நீளம், காலம், நீரளவு ஒவ்வொன்றும் தனித்தனி விகிதத்தில் சுருங்குகிறது. யாப்பறிந்த அவைக்கு இதில் வியப்பு இராது என எண்ணுகிறேன்.

இன்னொரு சான்றும் நம் மாவட்டத்தையே சார்ந்தது. பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 சனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அங்கே மலைக்குள் வைக்க எண்ணியது 50,000 டன்னுக்குமேல் எடையுள்ள காந்த இரும்புக் கருவி. அதன் சிறிய மாதிரி மதுரையில், 85 டன் எடையில், பதினொரு இரும்பு அடுக்குகளுடன் 2018 முதல் இயங்கியது. விண்ணிலிருந்து பொழியும் மியூவான் துகள்கள் காந்தப்புலத்தில் வளையும் தடத்தை அது பதிவு செய்தது. நியூட்ரினோவை ஆராய அது போதாது. எடையும் குறைவு, தலைக்குமேல் மலையும் இல்லை. கருவி இயங்குமா என்ற வினாவுக்கே அது விடை. மலைக்கும் காட்டுக்கும் நீருக்கும் என்ன ஆகும் என்ற வினாவுக்கு அந்த இரும்பில் விடையில்லை. மக்கள் எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்தன; 2022-இல் தமிழ்நாடு அரசு இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது என உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆதரித்தோரும் எதிர்த்தோரும் நம் ஊர்களில் உரக்கப் பேசினார்கள். எந்த மாதிரி எந்த வினாவுக்கு விடை தரும் என்று பிரித்துக் கேட்கப் பழகியவர் சிலரே இருந்தனர்.

இங்கேதான் மாதிரிக் கல்வியின் தேவையைக் காண்கிறேன். அணை உடையும் என்ற அச்சமும், உடையாது என்ற முழக்கமும் மாறி மாறி எழும் பள்ளத்தாக்கு இது. தம் கையால் முகடும் அணையும் செய்து, ஒத்ததையும் ஒவ்வாததையும் எழுதிப் பழகிய பிள்ளை, நாளை வாக்காளராகும்போது வதந்திக்கு எளிதில் இரையாகாது.

பத்தாண்டு கண்ட இவ்வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சிகளுக்கு உறுப்பினர்கள் சென்று, வினையாற்றும் மாதிரிக்கே பரிசு என்று ஆசிரியப் பெருமக்களிடம் வாதாடுங்கள். ஒவ்வொரு மாதிரியின் கீழும், இது எதில் ஒக்கும், எதில் ஒவ்வாது என்று நல்ல தமிழில் இரண்டு வரி எழுதப் பிள்ளைகளுக்குத் துணை நில்லுங்கள். உவமையைக் கற்றவர் செய்யக்கூடிய பணி அது. ஒப்பித்த நான்கு வரிகளைக் காட்டிலும் அந்த இரண்டு வரி பிள்ளையின் நெஞ்சில் நெடுநாள் நிற்கும்.