ஜோசப் பிக்கரின் நான்கு மணி நேரம்

மூத்தவர்கள் முன்வரிசையில் இருக்க, என்னைத் தலைமை இருக்கையில் அமர்த்தியிருக்கிறீர்கள். பெருமையாக இருக்கிறது, கொஞ்சம் நடுக்கமும் இருக்கிறது. 'அயர்லாந்தும் வெஸ்ட்மின்ஸ்டரும்' என்பது நம் தலைப்பு. 1801 இணைப்பு முதல் 1886 தன்னாட்சி மசோதா வரை நீங்கள் அறியாதது இல்லை. கட்டுரைகள் அதைப் பார்த்துக்கொள்ளும். என் நேரத்தை ஒரே மனிதருக்குக் கொடுக்கிறேன்: பெல்ஃபாஸ்ட் இறைச்சி வணிகர், கேவன் தொகுதி உறுப்பினர், ஜோசப் பிக்கர்.

1875 ஏப்ரல் 22. நாடாளுமன்ற மக்களவையில் அயர்லாந்து அடக்குமுறை மசோதா விவாதத்துக்கு வந்தது. பிக்கர் எழுந்து ஏறத்தாழ நான்கு மணி நேரம் பேசினார். அரசாங்கமே அச்சிட்ட அறிக்கைகளிலிருந்து நீளநீளமாக வாசித்தார். குரல் கேட்கவில்லை என்று சபாநாயகர் சொன்னதும், புத்தகங்களை அள்ளிக்கொண்டு அவருக்கு அருகில் வந்து நின்று தொடர்ந்தார். பின்னாளில் அயர்லாந்துக் கட்சியின் தலைவரான பார்னெல் உறுப்பினராக மக்களவைக்குள் நுழைந்ததும் அதே நாளில்தான். நீட்டிப் பேசி அவையை முடக்கும் இந்த உத்தியைப் பிக்கருக்குச் சொல்லிக்கொடுத்தவர் கார்க் உறுப்பினர் ரொனெய்ன் என்பார்கள். யோசனை அவருடையதாகவே இருக்கட்டும். நின்ற கால்கள் பிக்கருடையவை.

பிக்கரின் பேச்சை நாடாளுமன்ற விவாதத் தொகுப்பான ஹன்சார்டின் பத்திகளால் அளந்து, சரக்கில்லாதவர் என்று முடிவு கட்டிய அறிஞர் இந்த அரங்கில் இருக்கிறார். அவர் உழைப்பை மதிக்கிறேன். அளவுகோலோடுதான் எனக்கு வழக்கு. அன்றைய ஹன்சார்ட் சொல்லுக்குச் சொல் எழுதிய பதிவு அல்ல. பெரும்பாலும் செய்தித்தாள்களிலிருந்து தொகுத்து, சுருக்கி, பலரைப் படர்க்கையில் பேசவைத்த நூல் அது. மக்களவையே தன் நிருபர்களை வைத்து முழுப் பதிவு எடுக்கத் தொடங்கியது 1909-இல். தொகுப்பாளர் வெட்டியதைப் பேசியவர் கணக்கில் எழுதலாமா?

அடுத்தது, தடைப் பேச்சு வெறும் அழிவு வேலை என்ற வாதம். கட்சித் தலைவர் ஐசக் பட்டே 1877-இல் அவையில் அதைக் கண்டித்தார் என்று நினைவூட்டுவார்கள். உண்மைதான். ஆனால் 1881 ஜனவரி 31 மாலை தொடங்கிய அமர்வைப் பாருங்கள். அயர்லாந்து உறுப்பினர்களின் தடைப் பேச்சால் அது நாற்பத்தொன்றரை மணி நேரம் ஓடிய பின், பிப்ரவரி 2 காலையில் சபாநாயகர் பிராண்ட் விவாதத்தை நிறுத்தினார். எந்த விதியின்படி? விதி எதுவும் இல்லை. தன் சொந்தப் பொறுப்பில் நிறுத்தினார். விவாதத்தை முடித்துவைக்கும் நிலையான விதி 1882-இல்தான் எழுதப்பட்டது. அதற்கு முன் பிக்கர் எந்த வேலியைத் தாண்டினார் என்று குற்றம் சாட்டுகிறோம்? அவருக்கு வாய்ப்பூட்டுப் போட அவையே தன் விதிகளை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஓர் உறுப்பினரின் நாடாளுமன்றப் பணிக்கு இதைவிடக் கனமான சான்று எனக்குத் தெரியவில்லை.

பிற்பகலில் 1881 பற்றிக் கட்டுரை படிக்கவிருக்கும் இளம் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஹன்சார்டுக்குப் பக்கத்தில் டப்ளின் ஃப்ரீமன்ஸ் ஜர்னலின் அந்த வாரத்து இதழ்களையும், 1836 முதல் அவையே வெளியிட்டுவந்த வாக்கெடுப்புப் பட்டியல்களையும் விரித்து வையுங்கள். மூன்றும் எங்கெங்கே முரண்படுகின்றனவோ, அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள். நான் கேட்கக் காத்திருக்கிறேன்.