டப்ளின் கல்லாவில் ஒரு பழம்



1984 ஜூலை. அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் உள்ள டன்ஸ் கடை. வாடிக்கையாளர் ஒருவர் கிரேப்ஃப்ரூட் பழத்தைக் கொண்டுவந்து கல்லாவில் வைக்கிறார். நம்மூர் பம்பளிமாஸுக்கு உறவுக்காரப் பழம், விளைந்தது தென்னாப்பிரிக்காவில். கல்லாவில் இருந்த மேரி மானிங்குக்கு வயது 21. பில் போட மறுத்துவிட்டார்.

தென்னாப்பிரிக்கச் சரக்கைத் தொடுவதில்லை என்பது அவருடைய தொழிற்சங்கத்தின் முடிவு. நிர்வாகம் அவரை இடைநீக்கம் செய்தது. உடன் வேலை பார்த்த சிலரும் வெளியே வந்து வாசலில் நின்றார்கள். சம்பளம் இல்லை, மழை, குளிர். போராட்டம் ஏறத்தாழ மூன்று வருடம் நீண்டது. 1987-ல் தென்னாப்பிரிக்கப் பழம், காய்கறி இறக்குமதிக்கே அயர்லாந்து அரசு தடை போட்டது.

குடியிருக்கும் தெரு, படிக்கும் பள்ளி, உட்காரும் பெஞ்சு என எல்லாவற்றையும் தோலின் நிறம் பார்த்துப் பிரித்துவைத்தது அன்றைய தென்னாப்பிரிக்க அரசு.

அந்த நாட்டோடு முதலில் வியாபாரத்தை முறித்துக்கொண்டது இந்தியா. 1946-ல், சுதந்திரத்துக்கு முந்தைய வருடமே. இந்தியர்கள் நிலம் வாங்குவதை முடக்கி அங்கே புதுச் சட்டம் வந்திருந்தது. 1860 முதல் சென்னையில் கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் சந்ததியும் அதில் சிக்கியது. அன்றைய இந்திய ஏற்றுமதியில் சுமார் 5 சதவீதம் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை இழக்க டெல்லி தயங்கவில்லை.

பெரிய நாடுகள்தான் தயங்கின. தடை விதித்தால் கறுப்பினத் தொழிலாளிக்குத்தான் முதல் அடி என்றார்கள். ஆனால், எங்கள் நாட்டுப் பொருளை வாங்காதீர்கள் என்று கேட்டவர்களில் முக்கியமானவரே ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் தலைவர் ஆல்பர்ட் லுதுலி. ஐ.நா. பாதுகாப்புச் சபை ஆயுத விற்பனைக்குக் கட்டாயத் தடை விதிக்க 1977 ஆயிற்று.

1985-ல் அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி, தென்னாப்பிரிக்காவின் குறுகிய காலக் கடன்களைப் புதுப்பிக்க முடியாது என்று கைவிரித்தது. மற்ற வங்கிகளும் பின்தொடர, அந்நாட்டின் ராண்ட் நாணயம் சரிந்தது. அடுத்த வருடம், அதிபர் ரீகனின் வீட்டோவையும் மீறி அமெரிக்க நாடாளுமன்றம் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த அரசை எதிர்த்துச் சிறையில் இருந்த மண்டேலா 1990-ல் விடுதலையானார். மிச்சமிருந்த பொருளாதாரத் தடைகளை விலக்கலாம் என்று 1993 செப்டம்பரில் ஐ.நா.வில் சொன்னவரும் அவரே.

இடையில் ஒரு கோப்பையின் கதையும் உண்டு. 1974-ல் இந்திய டென்னிஸ் அணி டேவிஸ் கோப்பை இறுதிச் சுற்றை எட்டியது. அணியில் சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் விஜய், ஆனந்த். எதிரணி தென்னாப்பிரிக்கா. அந்த அணியோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகிக்கொண்டது. ஒரு பந்துகூட அடிக்காமல் தென்னாப்பிரிக்கா கோப்பையைப் பெற்றது.

அதன்பிறகு 1987-ல் ஒரே ஒருமுறைதான் இந்தியா இறுதிச் சுற்றுக்குப் போனது. அந்தக் கோப்பை இன்றுவரை நம் நாட்டுக்கு வரவில்லை.