சட்டைப்பையில் ஒரு சித்திர ஏடு

வேற்று மாநிலத்தில் குடியேறிய நமக்கு அவ்விடத்து மொழி வசப்பட நாளாகும். பென்சிலுக்கு அத்தடை இல்லை.

சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் ஆசிரியராயிருந்த நந்தலால் போஸ் (1882–1966) தாம் கண்ட காட்சிகளை அஞ்சலட்டைகளில் வரைந்து மாணவர்க்கு அனுப்புவார். 1944-ல் அவரிடம் பயிலச் சென்ற கே. ஜி. சுப்பிரமணியன், கேரளத்தில் பிறந்த தமிழர்.

உள்ளங்கையளவு ஏடொன்று சட்டைப்பையில் இருந்தால் போதும், அழிப்பான் வேண்டா. ரயிலில் எதிரே உறங்குபவரின் முகத்தைத் தேடாமல், உடல் சாய்ந்திருக்கும் கோட்டை முதலில் இடுங்கள். அவர் அடுத்த நிலையத்தில் இறங்கினாலும் அக்கோடு நிற்கும். விழித்துக்கொண்டு உற்று நோக்கினாரோ, ஏட்டை அவரிடமே நீட்டிவிடுங்கள். மொழியின்றியே பழக்கம் தொடங்கிவிடும்.

ராஜஸ்தானத்துப் பெண்டிர் குடத்தின்மேல் குடம் அடுக்கித் தலையிற் சுமந்து நடக்கும் அழகை, ஊரிலுள்ள அன்னைக்கு எத்துணை எழுதினாலும் விளங்காது. வரைந்த தாளைக் கிழித்துக் கடிதத்துள் வைத்தனுப்புங்கள்.