எச்சரிக்கை எந்த மொழியில்?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்குப் ‘பாதுகாப்பு’ என்னும் சொல் அடிக்கடி தொல்லை தருவதுண்டு. நாட்டின் எல்லையைக் காப்பதும் பாதுகாப்பு. ஓடும் இயந்திரத்திலிருந்து ஒருவருடைய விரல்களைக் காப்பதும் பாதுகாப்பு. இந்த இரண்டாவது பாதுகாப்புக்காக நம் நாட்டில் தோன்றிய ஒரு ஸ்தாபனத்தையும் அதன் கிளைகளையும் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

1965 டிசம்பரில் புது தில்லியில் தொழிலகப் பாதுகாப்பு மாநாடு ஒன்று கூடிற்று. அதன் விளைவாக 1966 மார்ச் 4ஆம் நாள் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலை நிறுவியது. பம்பாயில் சயான் பகுதியிலுள்ள மத்தியத் தொழிலாளர் கழகம் பல்லாண்டுகள் அதற்கு இடமளித்தது. மாதுங்காவிலும் தாராவியிலும் குடியேறிய தமிழர்களுக்கு அது நடந்து செல்லும் தூரந்தான். பின்னர்த் தலைமையகம் நவி மும்பைக்கு மாறியது. 1972 முதல் மார்ச் 4ஆம் நாள் பாதுகாப்பு தினமாகக் கொண்டாடப்பெற்று வருகிறது.

ஓரிடத்திலிருந்து கொண்டு நாடு முழுவதற்கும் எச்சரிக்கை சொல்ல இயலாது. ஆதலால் தமிழ்நாடு, குஜராத், கர்நாடகம், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களில் கிளைகள் எழுந்தன. பயிற்சி வகுப்பு நடத்துவதும், பாதுகாப்பைப் பற்றி அந்தந்த வட்டாரத்தில் பிரசாரம் செய்வதும் கிளைகளின் பணி. 1976ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், ஆயிரம் பேருக்குக் குறையாது வேலை செய்யும் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டுமென்றது. கிளைகள் கற்பிப்பதைப் பட்டறைக்குள் கொண்டு செல்ல ஓர் ஆள் கிடைத்தார்.

1984 டிசம்பரில் போபாலில் நச்சுவாயு பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவ்வாலையின் செயல்முறைக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன என்றும், அதை நன்கறிந்த தொழிலாளர் சிலரே என்றும் ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். 1987ஆம் ஆண்டுத் திருத்தம், அபாயகரமான தொழில்களில் தொழிலாளர் பிரதிநிதிகள் சம அளவில் அமரும் பாதுகாப்புக் குழுக்களை ஏற்படுத்தியது.

ஆயினும் ஒரு குறை நின்றது. ஆலை அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளரில் பெரும்பாலோர்க்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் விதி. பெரும்பாலோருள் சேராத சிலரின் கதி என்ன?

சில ஆண்டுகளுக்கு முன் வடநாட்டு நகரமொன்றில், நமக்குத் தெரிந்த நெல்லைச் சீமை இளைஞர் ஒருவர் ஓடும் உருளையைத் துணியால் துடைக்கப்போய் இரண்டு விரல்களை இழந்தார். பின்னொரு நாள் அந்த இயந்திரத்தின்முன் நாம் நின்றோம். ‘ஓடும்போது துடைக்கக் கூடாது’ என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் பலகை சொல்லிற்று. மொழிபெயர்ப்பில் பிழை தேடினோம், ஒன்றும் இல்லை. அவருக்காக அது எழுதப்படவில்லை, அவ்வளவே. இன்று தமிழ்நாட்டு ஆலைகளில் தமிழ்ப் பலகைக்கு முன் நிற்கும் ஒடியத் தொழிலாளியின் நிலையும் இதுவே.

பழைய சட்டத்தின் இடத்தை 2020இல் இயற்றப்பெற்ற தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பரில் பெற்றது. பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்னும் வரம்பு பொதுவாக ஐந்நூறு பேராகக் குறைந்திருக்கிறது. நன்று. ஆனால் அதிகாரி பேசுவது நமக்குப் புரிய வேண்டாமா? ஆகவே, அயல் மாநிலத்தில் உழைக்கும் தமிழன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். குழுவில் இடம் கிடைத்தால் தயங்காமல் அமருங்கள். நம் மொழியிலும் ஒரு பலகை வேண்டுமென்று கேளுங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்து சேரும் தம்பிக்கு, அவர் இயந்திரத்தைத் தொடுமுன், பலகையில் உள்ளதைப் படித்துச் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. நாளைக் காலையிலேயே செய்யலாம்.